மெட்ரோசைடரோஸ்: ஒரே பெயருக்குள் வந்து போன மரங்கள்

கேள்வி சுருக்கமாக இது: ஹவாயில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில் சிவந்து பூக்கும் ஓஹியா லெஹுவாவும், நியூசிலாந்துக் கடற்கரையில் டிசம்பரில் பூக்கும் போஹுதுகாவாவும் ஒரே பேரினமா, அதாவது விஞ்ஞானப் பெயரின் முதல் சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் நெருங்கிய இனங்களின் கூட்டமா? அப்படியென்றால் பழைய தோட்டக்கலைப் புத்தகங்களில் நம் ஊர்ப் பூங்காவில் நிற்கும் பாட்டில் பிரஷ் மரத்துக்கும் மெட்ரோசைடரோஸ் என்றே பெயர் போட்டிருப்பது ஏன்? ஒரே மரத்துக்கு ஏன் இத்தனை பெயர் மாற்றங்கள்?

முதல் கேள்விக்குப் பதில் ஆம். ஓஹியா மெட்ரோசைடரோஸ் பாலிமார்ஃபா, போஹுதுகாவா மெட்ரோசைடரோஸ் எக்செல்சா. இரண்டும் ஒரே பேரினம், நெருங்கிய உறவும்கூட. பாட்டில் பிரஷ் அந்தப் பேரினம் இல்லை. ஆனால் அதே பெரிய குடும்பம்: நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் இருக்கும் மிர்ட்டேசியே. பழைய புத்தகம் எழுதியவர் கவனக்குறைவாக எழுதவில்லை. அவர் காலத்தில் அதுதான் சரியான பெயர். இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல 18ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் 1769 ஏப்ரலில் தாஹித்தி போய்ச் சேர்ந்தது. அதில் தாவரவியலாளர்கள் ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சொலாண்டரும் இருந்தார்கள். தாஹித்தியில் சுமார் மூன்று மாதம், அப்புறம் அக்டோபரிலிருந்து அடுத்த மார்ச் வரை நியூசிலாந்து, அதன் பின் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரை. மூன்று இடங்களிலும் செடி சேகரித்தார்கள். சொலாண்டர் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து விரிவான குறிப்பு எழுதினார். ஆனால் அவை அச்சேறவில்லை. 1782இல் அவர் இறந்தபோது எல்லாம் கையெழுத்துப் படிகளாகவே கிடந்தன. தாவரவியலில் அச்சில் வெளிவராத பெயர் பெயரே ஆகாது.

அந்தப் பெயர்களில் சிலவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான யோசஃப் கேர்ட்னர். கனிகளையும் விதைகளையும் மட்டுமே ஆராய்ந்து பெரிய நூல் எழுதியவர் அவர். 1778இல் லண்டனுக்கு வந்து பேங்க்ஸின் தொகுப்பைப் பார்த்தார். 1788இல் வெளியான முதல் பாகத்தில் மெட்ரோசைடரோஸ் என்ற பேரினத்தை முறையாக வெளியிட்டார். அதனால்தான் இன்றும் பெயருக்குப் பின்னால் பேங்க்ஸ், கேர்ட்னர் இருவர் பெயரும் சேர்ந்து வருகின்றன. பெயருக்கு 'இரும்பு போன்ற வைரம் பாய்ந்த மரம்' என்று பொருள் கொள்ளலாம். மரம் நிஜமாகவே அவ்வளவு கடினமானது.

அந்தப் புத்தகத்தில் கேர்ட்னர் இந்த ஒரே பேரினத்துக்குள் போட்டவற்றைப் பாருங்கள். தாஹித்தி மரம் ஒன்று, ஸ்பெக்டபிலிஸ் என்ற பெயரில். நியூசிலாந்தின் போஹுதுகாவா, எக்செல்சா என்ற பெயரில். கூடவே ஆஸ்திரேலிய மரங்கள் மூன்று: விமினாலிஸ், கோஸ்டாட்டா, கம்மிஃபெரா. முதல் இரண்டும் இன்றும் மெட்ரோசைடரோஸ்தான். மற்ற மூன்றும் மூன்று வேறு பேரினங்களுக்குப் போய்விட்டன. கோஸ்டாட்டா இன்று அங்கோஃபோரா. கம்மிஃபெரா நெடுங்காலம் யூகலிப்டஸ் என்று இருந்து, 1995இல் கோரிம்பியா ஆனது. விமினாலிஸ்தான் நம் ஊர் பூங்காக்களிலும் அலுவலக வளாகங்களிலும் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கும் பாட்டில் பிரஷ். அதன் விஞ்ஞானப் பெயர் பிறந்தது மெட்ரோசைடரோஸ் விமினாலிஸ் என்று. 1794இல் தாவரவியலாளர் கர்ட்டிஸ் இன்னொரு பாட்டில் பிரஷ்ஷுக்கு மெட்ரோசைடரோஸ் சிட்ரினா என்று பெயர் வைத்தார். 1814இல்தான் ராபர்ட் பிரவுன் பாட்டில் பிரஷ்களுக்குக் கல்லிஸ்டெமோன் என்று தனிப் பேரினம் அமைத்தார். ஆக, அந்தப் பழைய புத்தகங்கள் முந்தைய வழக்கைத் தொடர்ந்திருக்கின்றன. நர்சரிக்காரர்கள் பழகிய பெயரை எளிதில் விடுவதில்லை.

கேர்ட்னர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் முன்னால் இருந்தவை பெரும்பாலும் காய்ந்த கனிகள். எல்லாமே கிண்ணம் போன்ற, முதிர்ந்ததும் வெடித்துத் திறக்கிற சிறு மரக்கனிகள். உள்ளே பொடிப்பொடியாக விதைகள். கனியை மட்டும் பார்க்கிறவருக்கு அவை ஒரே இனக்கூட்டமாகத்தான் தெரியும். பூவை மட்டும் பார்க்கிறவருக்கும் அதே கதிதான். இதழ்கள் சிறியவையாக, மகரந்தத்தாள்கள் நீண்டு சிவந்து குஞ்சம் போல நிற்பது இந்தக் குடும்பத்தில் பல கிளைகளில் உண்டு. பறவைகள் வந்து தேன் குடிக்கும் பூக்களுக்கு அந்த வடிவம் ஒத்துவருகிறது. அதனால் உறவில் தள்ளி நிற்கும் மரங்களும் ஒன்றுபோலத் தோற்றம் அளிக்கின்றன.

அப்படியென்றால் வேறுபாட்டை எங்கே பார்ப்பது? இதை நீங்களே சோதிக்கலாம். பாட்டில் பிரஷ்ஷின் ஒரு கிளையை எடுத்துப் பாருங்கள். இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். பூக்கள் காம்பில்லாமல் தண்டைச் சுற்றி நேரடியாக ஒட்டியிருக்கும். பூத்து முடிந்தபின் அந்தத் தண்டின் நுனி வளர்ந்துகொண்டே போய் மறுபடி இலைவிடும். பழைய கனிகள் மணி கோத்ததுபோல ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக் கிடக்கும். மெட்ரோசைடரோஸில் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூக்கள் கிளை நுனியில் கொத்தாக, கிளைவிட்ட மஞ்சரியாக வரும். சூலகத்தில், அதாவது பூவில் பின்னால் கனியாகும் பகுதியில், மூன்று அறைகள். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் போதாது. எதிரிலை அங்கோஃபோராவிலும் உண்டு. பல பண்புகள் ஒன்றாக வருகின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேரினத்தை உடைக்கும்போது எந்தத் துண்டுக்குப் பழைய பெயர் போகும், எதற்குப் புதுப்பெயர் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எல்லை எங்கே என்பது ஆய்வு சார்ந்த கேள்வி. அதற்கு ஒருவர் ஒரு பதிலும் இன்னொருவர் வேறு பதிலும் தரலாம். எந்தப் பக்கம் பெயர் நிற்கும் என்பதோ விதி சார்ந்தது. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு இனத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். அதை வகை இனம் என்பார்கள். மெட்ரோசைடரோஸுக்கு வகை இனம் தாஹித்தி மரமான ஸ்பெக்டபிலிஸ். பேரினத்தை எத்தனை துண்டாக்கினாலும் தாஹித்தி மரம் எந்தத் துண்டில் இருக்கிறதோ அதற்குத்தான் அந்தப் பெயர். மற்றவை வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றின் இரண்டாம் சொல், அதாவது விமினாலிஸ், கோஸ்டாட்டா போன்ற இனப்பெயர், போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். பாட்டில் பிரஷ் மெட்ரோசைடரோஸிலிருந்து கல்லிஸ்டெமோனுக்குப் போனபோதும், கல்லிஸ்டெமோனை மெலலூகா என்ற பேரினத்தோடு இணைக்க வேண்டும் என்று சிலர் மெலலூகா விமினாலிஸ் என்று எழுதியபோதும், விமினாலிஸ் மாறவில்லை. பெயர் மாற்றத்தைத் துரத்திக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதான் நல்ல பிடி. இரண்டாம் சொல்லைப் பிடித்துக்கொண்டால் மரத்தைத் தவறவிட மாட்டீர்கள்.

தாஹித்தி மரத்தின் கதையிலேயே இன்னொரு முடிச்சும் உண்டு. குக்கின் இரண்டாம் பயணத்தில் போன ஃபார்ஸ்டர்கள், தந்தையும் மகனும், அதே மரத்தை கேர்ட்னருக்கு முன்பே, 1770களின் நடுவில், லெப்டோஸ்பெர்மம் கொலினம் என்று வெளியிட்டுவிட்டார்கள். பேரினம் தவறு, ஆனால் இனப்பெயர் முந்தியது. முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி, 1854இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே அதை மெட்ரோசைடரோஸ் கொலினா ஆக்கினார். ஸ்பெக்டபிலிஸ் என்ற பெயர் வழக்கொழிந்தது. இருந்தும் பேரினத்தின் நங்கூரமாக இருப்பது அந்த ஸ்பெக்டபிலிஸ்தான். போஹுதுகாவாவுக்கும் இப்படித்தான். 1832இல் பிரெஞ்சுக்காரர் ரிஷார் வைத்த டொமென்டோசா என்ற பெயர்தான் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. கேர்ட்னரின் எக்செல்சா 44 ஆண்டு மூத்தது என்பதால் கடைசியில் அதுவே நிலைத்தது.

மூத்ததற்கே உரிமை என்றால் மெட்ரோசைடரோஸ் என்ற பெயரே தப்பியிருக்கக் கூடாது. அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ் என்ற பெரிய தாவர அறிஞர் அந்தச் சொல்லை முன்பே வேறு கடின மரங்களுக்குப் பயன்படுத்தியிருந்தார். ஆனால் தாவரப் பெயர்களுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படும் லின்னேயஸின் 1753ஆம் ஆண்டு நூலுக்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வராது என்பதால் அது இடைஞ்சல் தரவில்லை. இடைஞ்சல் தந்தது, ரம்ஃபியஸ் குறிப்பை வைத்து பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடன்சன் 1763இல் வெளியிட்ட நானி என்ற பேரினப் பெயர். அது மெட்ரோசைடரோஸைவிட 25 ஆண்டு மூத்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற விரும்பியவர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1897இல் தாவரவியலாளர் ஹெல்லர் ஹவாய் மரங்களை விவரித்தபோது, நானியை நானியா என்று எழுதி, நானியா ட்ரெமுலாய்டெஸ் என்றெல்லாம் பெயர் வைத்தது அந்த அலையில்தான். இப்படிப் புழக்கத்தில் ஊறிய பெயர்களெல்லாம் தலைகீழாகிவிடும் என்ற கவலையில் 1905 வியன்னா மாநாட்டில் பெயர்ப் பாதுகாப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பெயர் இளையதாக இருந்தாலும், தாவரவியலாளர்கள் கூடி முடிவெடுத்து அதைக் காப்பாற்றலாம். மெட்ரோசைடரோஸ் அப்படிக் காப்பாற்றப்பட்ட பெயர். விதி மட்டும் இருந்து விதிவிலக்குக்கு வழி இல்லாமல் போயிருந்தால் இன்று ஹவாய்க் காடுகளைப் பற்றிய ஒவ்வொரு புத்தகத்திலும் நானியா என்று படித்துக்கொண்டிருப்போம். அந்த மாநாட்டின் முடிவு மிகப் புத்திசாலித்தனமானது என்பது என் கருத்து.

இப்போது ஹவாய். இந்தப் பேரினத்தில் வகைப்பாட்டாளர்களை அதிகம் திணறடித்தது அங்கே உள்ள மரங்கள்தான். உரானி என்ற பிரெஞ்சுக் கப்பலில் 1819இல் ஹவாய் வந்த தாவரவியலாளர் கோடிஷோ, சேகரித்தவற்றை ஊர் கொண்டுபோகும் வழியில் கப்பல் ஃபாக்லாந்து தீவுகளில் உடைந்து, ஒரு பகுதியை இழந்தார். மிஞ்சியதை வைத்து 1830இல் அவர் வைத்த பெயர் பாலிமார்ஃபா. பல உருவம் கொண்டது என்று பொருள். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம் வரை இந்த மரம் வளர்கிறது. மழைக்காட்டில் 20 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கும். கவாய் தீவின் மலைச் சதுப்பில் கணுக்கால் உயரத்திலேயே பூத்துவிடும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு போல மயிர் அடர்ந்த மரமும் உண்டு, வழுவழுப்பான மரமும் உண்டு. பூ பெரும்பாலும் சிவப்பு, ஆனால் மஞ்சள், ஆரஞ்சு, அரிதாக வெளிர்நிறம் என்றும் வரும். ஹவாய் மக்கள் பூவின் நிறத்தை வைத்தே தனித்தனிப் பெயர் சொல்வார்கள்: சிவப்பு லெஹுவா ஆபனே, மஞ்சள் லெஹுவா மாமோ. அவர்கள் ஓஹியா என்ற சொல்லை மலை ஆப்பிளுக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள், அது ஓஹியா ஆய். அந்த மலை ஆப்பிள் நம் நாவலின் பேரினமான சைஜிஜியம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதைக் காட்டில் வாழ்ந்தவர்கள் கண்ணாலேயே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இத்தனை உருவத்தையும் என்ன செய்வது? 1917இல் தாவரவியலாளர் ஜோசஃப் ராக் ஓஹியாக்களுக்கென்றே தனி ஆய்வு எழுதி, பாலிமார்ஃபாவைத் தாஹித்தி இனமான கொலினாவின் துணையினமாக வைத்து, அதற்குள் ஏராளமான வகைகளையும் வடிவங்களையும் பிரித்தார். பல பத்தாண்டுகள் ஹவாய் மரத்தின் பெயர் மெட்ரோசைடரோஸ் கொலினா துணையினம் பாலிமார்ஃபா என்றே இருந்தது. பிறகு பாலிமார்ஃபா தனி இனமாக மீண்டது. 1990இல் டாசனும் ஸ்டெம்மர்மனும் தொகுத்த வகைப்பாடுதான் இன்றைய அடிப்படை. ஹவாயில் 5 இனங்கள், அவற்றில் பாலிமார்ஃபாவுக்குள் 8 வகைகள். இங்கானா என்ற வகையை இளம் எரிமலைப் பாறையிலும், கிளாபெரிமாவை ஈரமான பழைய மண்ணிலும், பாலிமார்ஃபா என்ற பெயரையே கொண்ட வகையை உயரமான இடங்களிலும், நியூவெல்லியை ஓடைக்கரைகளிலும் அதிகம் பார்க்கலாம்.

எட்டு வகைகளையும் எட்டு இனங்களாக ஆக்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேறுபாடு வெறும் சூழலின் விளைவு என்று வாதிட்டவர்களும் உண்டு. இரண்டையும் சோதிக்க வழி, வெவ்வேறு உயரத்து மரங்களின் கன்றுகளை ஒரே தோட்டத்தில் ஒரே பராமரிப்பில் வளர்த்துப் பார்ப்பது. அப்படிச் செய்தபோது இலையின் அளவு ஓரளவுக்குச் சூழலுக்கேற்ப மாறியது, ஆனால் மயிர் அடர்த்தி பெரும்பாலும் அப்படியே நின்றது. ஆக மயிர் மரபில் வருவது. அதே நேரம், ஹவாய்த் தீவில் இங்கானாவும் கிளாபெரிமாவும் சந்திக்கும் இடங்களில் கலப்பு மரங்கள் வளர்கின்றன. எலிசபெத் ஸ்டேசியின் குழு பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறது. வகைகளுக்கிடையே மரபணு வேறுபாடு உண்டு, ஆனால் சுவர் முழுதாக எழும்பவில்லை. இனங்கள் பிரிந்துகொண்டிருக்கும் நடுக்கட்டத்தை நாம் பார்க்கிறோம். அதற்கு 'வகை' என்ற நடுத்தரப் படி ஏற்றது. இனம் என்று உயர்த்தினால் காட்டில் பாதி மரத்துக்குப் பெயர் சொல்ல முடியாது. ஒன்றாகவே கொட்டிவிட்டால் இருக்கிற உண்மையான வேறுபாடு மறைந்துவிடும்.

நியூசிலாந்திலும் இந்தக் கலப்பு உண்டு. ஆக்லாந்துக்கு எதிரே உள்ள ரங்கிடோட்டோ எரிமலைத் தீவில் போஹுதுகாவாவும் வட ராத்தாவும் கலந்து நிற்கின்றன. ராத்தா வேறு மரத்தின் மேல் தொற்றி முளைத்து, வேர்களைக் கீழே இறக்கி, கடைசியில் தன் காலில் நிற்கும் மரம். போஹுதுகாவா பாறையில் நேரடியாக முளைப்பது. பழக்கம் இவ்வளவு வேறாக இருந்தும் மகரந்தம் பரிமாறிக்கொள்கின்றன. இதே பேரினத்தில் நியூசிலாந்தில் மரமாக இல்லாமல் கொடியாகவே படர்பவையும் உண்டு. அவற்றை மியர்ன்சியா என்ற துணைப்பேரினத்தில் வைத்திருந்தார்கள்.

ஹவாயும் நியூசிலாந்தும் இவ்வளவு தூரத்தில் இருக்க, உறவு எப்படி வந்தது? விதைதான் காரணம். தூசி போன்ற, மெல்லிய நீள விதை. மிதமான காற்றிலேயே மேலெழும்பிப் பறக்கும். கடும் குளிரையும் உப்புநீரையும் தாங்குவதையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 2000இல் ரைட் முதலானோர் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான டிஎன்ஏ பகுதியின் வரிசையை ஒப்பிட்டு, பாலினேசியத் தீவு மரங்கள் நியூசிலாந்து மரங்களோடு நெருங்கியவை, அங்கிருந்து பரவியவை என்று காட்டினார்கள். ஹவாய்க்கு எப்போது வந்தது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறு. பனியுக காலம் என்றார்கள் முதலில். 2008இல் பெர்சி முதலானோரின் ஆய்வு பல லட்சம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. ஆச்சரியம் என்னவென்றால், இன்று இயற்கையாக மெட்ரோசைடரோஸ் வளராத டாஸ்மேனியாவில் அதன் தொல்லுயிர் எச்சங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஒலிகோசீன் காலப் படிவுகளில் கிடைத்திருக்கின்றன. எனவே பேரினத்தின் தொடக்கத்தை நியூசிலாந்தில் மட்டும் தேடுவது சரியாக இருக்காது.

இத்தனைக்கும் பிறகு எல்லை நின்றுவிட்டதா என்றால், இல்லை. சிலியின் தெற்கே தெபுவாலியா என்று ஒரு வெள்ளைப்பூச் சிறுமரம் உண்டு. ஜோசஃப் ஹூக்கர் ஒரு காலத்தில் அதை மெட்ரோசைடரோஸில் சேர்த்தார். 1854இல் கிரிசெபாக் தனிப் பேரினமாக்கினார். நியூ கலிடோனியாவின் மஞ்சள்பூ மரங்கள் மூன்றை டாசன் 1980களில் கார்ப்பொலெபிஸ் என்று பிரித்தார். 2015இல் பியோன் முதலானோர் செல்லின் உட்கருவில் உள்ள பல மரபணுக்களை ஒப்பிட்டபோது இரண்டுமே மெட்ரோசைடரோஸின் கிளைகளுக்கு நடுவே வந்து நின்றன. ஒரே மூதாதையின் வாரிசுகளில் சிலரை மட்டும் வெளியே நிறுத்தி ஒரு பேரினம் வைத்திருக்க முடியாது. எனவே இரண்டையும் உள்ளே சேர்க்கச் சொன்னார்கள். இப்படிப் பார்த்தால் பேரினத்தில் சுமார் 60 இனங்கள். ஜப்பானின் ஒகசவாரா தீவுகளில் ஒன்று, தென்னாப்பிரிக்க ஓடைக்கரையில் தனியாக ஒன்று என்று எல்லைகள் பசிபிக்கையும் தாண்டுகின்றன. தெபுவாலியா என்ற பழைய பெயரை இன்னமும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் 2015 வகைப்பாட்டையே பின்பற்றுகிறேன், ஏனென்றால் அதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது.

பெயரும் வகைப்பாடும் அறிஞர்கள் மேசையோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை என்பதை ஹவாய் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேதனையோடு கற்றுக்கொண்டது. அங்கே இயற்கைக் காட்டில் சுமார் 80 சதவீதம் ஓஹியா. 2010 வாக்கில் ஹவாய்த் தீவின் புனா பகுதியில் திடமான மரங்கள் சில வாரங்களில் இலை கருகிச் சாக ஆரம்பித்தன. 2014இல் காரணம் செரட்டோசிஸ்டிஸ் பூஞ்சை என்று தெரிந்தது. முதலில் ஏற்கெனவே அறிந்த ஃபிம்ப்ரியாட்டா என்ற இனமாக நினைத்தார்கள். 2018இல்தான் அது இரண்டு புதிய இனங்கள், லுக்குவோஹியா, ஹுலியோஹியா, என்று பிரித்துப் பெயரிட்டார்கள். முதலாவது மரத்துக்குள் நீர் ஏறும் பாதையை அடைத்து அதை விரைவாகக் கொல்லும், இரண்டாவது மெதுவாக. ஒரே பெயரில் வைத்திருந்தால் எந்தக் காட்டில் எது பரவுகிறது என்றே கணக்கெடுக்க முடியாது. 2005இல் ஹவாய்க்கும் 2017இல் நியூசிலாந்துக்கும் வந்த மிர்ட்டில் துரு நோயோ மிர்ட்டேசியே குடும்பத்து மரங்களைத்தான் தாக்குகிறது. உறவு தெரிந்தால்தான் அடுத்து எந்த மரத்தைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

ஓஹியாவின் 8 வகைகள் பற்றிய பழைய சர்ச்சைக்கும் இப்போது அவசரம் வந்துவிட்டது. ஹவாயின் லியான் தாவரத் தோட்டம் போன்ற இடங்களில் விதைகளைச் சேமித்து வைக்கிறார்கள். வெவ்வேறு வகைகளின் கன்றுகளில் பூஞ்சையைச் செலுத்தி, எந்தத் தாய்மரத்தின் பிள்ளைகள் பிழைக்கின்றன என்று பார்க்கும் வேலையும் நடக்கிறது. விதைப்பை மேல் வெறும் 'ஓஹியா' என்று எழுதினால் அந்த வேலைக்குப் பயன்படாது. எந்தத் தீவு, எந்த உயரம், எந்த வகை என்று எழுத வேண்டும்.